இருட்டில் மிச்சம் பிடித்த ஊர்

1

எங்கள் பள்ளிகளுக்குக் கடன் கிடைத்துவிட்டது. என் சொந்தக் கடன் இல்லை, பயப்பட வேண்டாம். நான் வேலை பார்க்கும் கலிபோர்னியாப் பள்ளி நிர்வாக அலுவலகத்துக்கு மாநில அரசு வட்டியில்லாமல் தந்திருக்கும் கடன். வகுப்பறைகளின் பழைய விளக்குகளையும், கூரைமேல் இரைந்துகொண்டிருக்கும் ஏசி இயந்திரங்களையும் மாற்றுவதற்கு. செய்தி வந்த அன்று மதியம் அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். விண்ணப்பம் தயாரித்தவன் என்பதால் முதல் துண்டை எனக்கு நீட்டினார்கள். நான் வழக்கம்போல் பரவாயில்லை, வேண்டாம் என்றேன். தட்டு அடுத்தவரிடம் போய்விட்டது.

இங்கே வந்து பதினாறு வருஷம் ஆகியும் இந்தப் புத்தி போகவில்லை. நம் ஊரில் முதல் தடவை வேண்டாம் என்பது நம் மரியாதை. அடச் சும்மா எடுத்துக்கங்க என்று வற்புறுத்துவது அவர்கள் மரியாதை. இங்கே அந்த இரண்டாம் தடவை கிடையாது. வந்த புதிதில் இப்படியே எத்தனையோ காப்பியை இழந்திருக்கிறேன்.

கேக் போனதில் வருத்தமில்லை. அன்றைக்கு என் நினைவு வேறொரு ஊரில் இருந்தது. இதே மாதிரி ஒரு கடனுக்காக, திண்டுக்கல் பக்கம் வடமதுரையிலிருந்து சற்றுத் தள்ளியுள்ள ஒரு பேரூராட்சி ஒரு வருஷம் அரை இருட்டில் கிடந்தது. அதற்கு நான்தான் காரணம். அந்தப் பேரூராட்சியின் தலைவர் என் அண்ணன் மனைவி. அவரை மதினி என்றே எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

2

முதலில் இந்தக் கடனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பழைய விளக்கு நிறைய மின்சாரம் தின்னும், புதிய விளக்கு கொஞ்சமாகத் தின்னும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மாதாமாதம் மிஞ்சும். மிஞ்சுவதை வைத்தே கடனை அடைத்துவிடலாம், கையைக் கடிக்காது. பள்ளிக்கூடம், நகராட்சி போன்ற அமைப்புகளுக்காக ஏற்படுத்திய திட்டம் இது.

ஆகவே கடன் தருபவர் முதலில் பார்ப்பது, நீ இப்போது எவ்வளவு செலவழிக்கிறாய் என்பதைத்தான். கடந்த பன்னிரண்டு மாதத்து மின்கட்டண ரசீதுகளை வரிசையாக வைக்க வேண்டும். ரசீது பெருத்திருந்தால் மிச்சமும் பெரிது, கடனும் பெரிது. எங்கள் பள்ளிகளில் கோடை விடுமுறையில்கூட ஆளில்லாத தாழ்வாரங்களில் விளக்கு எரியும். எவ்வளவு வீணடித்தோமோ அவ்வளவுக்கு எங்கள் விண்ணப்பம் பலமாக இருந்தது. இதைச் சொல்லும்போது இங்கே யாரும் வெட்கப்படுவதில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. பல வருஷங்களுக்கு முன் நான் எழுதிய முதல் விண்ணப்பத்தில், விளக்குகளின் தற்போதைய நிலை என்ற இடத்தில், பழையவை என்றாலும் நன்கு பராமரிக்கப்படுகின்றன, ஓரளவு போதுமானவை என்று எழுதினேன். கடன் கேட்கப் போகிற இடத்தில் நம் வீட்டைப் பற்றி மோசமாகச் சொல்லலாமா? நாணயமான, சிக்கனமான குடும்பம் என்று காட்டினால்தானே நம்பிக் கொடுப்பார்கள்?

என் மேலாளர் டயானா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். மெக்சிகோவிலிருந்து திராட்சை பறிக்க வந்த குடும்பத்தின் பெண் அவர். போதும் என்றால் எதற்குக் கேட்கிறாய் என்றார். தன் அப்பாவும் இப்படித்தானாம். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவாராம், டாக்டர் கேட்டால் நன்றாக இருக்கிறேன் என்பாராம். நான் சிரித்துவிட்டு அந்த வரியை மாற்றி எழுதினேன். பாடம் படித்தேன். நான் படித்த பாடத்தை இன்னொருவர் அறியமாட்டார் என்பது மட்டும் எனக்கு உறைக்கவில்லை.

3

பெண்களுக்கு ஒதுக்கிய இடம் என்பதால்தான் மதினி தலைவரானார். ஊரில் எல்லாரும் அண்ணன்தான் நாற்காலியில் உட்காரப்போகிறார் என்று நினைத்தார்கள். அண்ணன் முருங்கைத் தோட்டத்தை விட்டு நகரவில்லை. கையெழுத்துப் போடுறவதான் வெயில்லயும் நிக்கணும் என்று சொல்லிவிட்டார். மதினி அதற்கு முன்பே பல வருஷம் மகளிர் சுயஉதவிக் குழுவை நடத்தியவர். கூட்டம், பதிவேடு, வங்கி மேலாளரின் முகச்சுளிப்பு எல்லாம் அவருக்குப் பழகியவை.

அவர் மனதில் ஒரே ஒரு சாலை இருந்தது. ஊரின் கிழக்குக் காலனியிலிருந்து நூல் மில்லுக்குப் போகும் சாலை. காலை ஷிப்டுக்குப் போகும் பெண்கள் ஐந்து மணிக்கே அதில் நடக்க வேண்டும். ஒரு பக்கம் திறந்த சாக்கடை, மறுபக்கம் கருவேலம். கம்பங்கள் உண்டு. பாதிக் கம்பங்களில் விளக்கு செத்துப்போய் வெகுகாலம். மீதியில் பழைய டியூப்லைட், அதுவும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு. ஊர் முழுக்க எல்இடி விளக்குப் போட்டால்தான் அந்தச் சாலைக்கும் விடிவு. பேரூராட்சியிடம் அவ்வளவு நிதி இல்லை. அப்போதுதான் உள்ளாட்சிகளின் தெருவிளக்கு மாற்றத்துக்குக் கடன் தரும் அரசுத் திட்டம் ஒன்றைப் பற்றிச் சுற்றறிக்கை வந்தது. மதினிக்கு என் வேலை நினைவுக்கு வந்தது.

அவர் போன் செய்தபோது எனக்கு மாலை நாலரை. மகள் கிறிஸ்டியை நீச்சல் வகுப்பிலிருந்து கூட்டிவரக் கிளம்பி, காரில் சாவியைப் போட்டிருந்தேன். அங்கே விடியற்காலை. மில் ரோட்டில் நின்றுகொண்டுதான் பேசினார். பின்னால் பெண்களின் பேச்சுச் சத்தம் கேட்டது.

நான் அவசரமாகச் சொன்னேன். பன்னிரண்டு மாதத்து ரசீது வேண்டும் மதினி, அதை வைத்துத்தான் மிச்சம் எவ்வளவு என்று பார்ப்பார்கள், மிச்சம் இருந்தால்தான் கடன். இவ்வளவுதான் சொன்னேன். கிறிஸ்டி வாசலில் காத்திருப்பாள் என்ற பதற்றம்.

“அம்புட்டுத்தானா தம்பி? அது நமக்குப் பழக்கந்தான்” என்றார் மதினி.

என்ன பழக்கம் என்று நான் கேட்கவில்லை. வண்டியை எடுத்துவிட்டேன்.

4

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேச்சுகளில் கடனைப் பற்றிக் கேட்பேன். நடந்துக்கிட்டு இருக்கு தம்பி என்பார். அண்ணன் ஒருநாள், ஊரே உங்க மதினியத் திட்டுது என்றார். பதவி என்றால் திட்டு விழத்தானே செய்யும் என்று நானும் பெரிய மனுஷன் மாதிரி சமாதானம் சொன்னேன். ஏன் திட்டுகிறார்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. தூரத்தில் இருப்பவனுக்கு ஊர்ச் செய்தி எல்லாமே பொதுவாகத்தான் காதில் விழுகிறது.

கிறிஸ்டி இந்தப் பேச்சுகளுக்கு வருவதே இல்லை. சிறுவயதில் திரைக்கு முன்னால் வந்து பெரியம்மாவுக்கு ஆடிக் காட்டியவள். இப்போது அறைக் கதவுக்குப் பின்னாலிருந்து நான் ஹாய் சொன்னதாகச் சொல்லிவிடு என்று ஆங்கிலத்தில் எனக்கு உத்தரவு வரும். நானும் ஹாய் சொல்லுவேன். திண்டுக்கல்லை அவள் உங்க ஊர் என்கிறாள். அதில் தப்பொன்றும் இல்லை, இருந்தாலும் ஒவ்வொரு முறையும் சுருக்கென்று குத்துகிறது.

சரியாக ஒரு வருஷம் கழித்து என் வாட்ஸப்பில் பன்னிரண்டு படங்கள் வந்து விழுந்தன. பன்னிரண்டு மின்கட்டண ரசீதுகள். நிழல் விழாமல், மேசைமேல் நேராக வைத்து எடுத்த படங்கள். கூடவே குரல் செய்தி.

“தம்பி, நீங்க சொன்னபடியே பன்னெண்டு மாசமும் மிச்சம் பிடிச்சுட்டோம். மாசத்துக்கு மாசம் எம்புட்டுக் கொறஞ்சிருக்குனு பாருங்க. இனி கடன் குடுக்க மாட்டேன்னு எவன் சொல்லுவான்?”

சமையலறையில் நின்றபடி கேட்டேன். இன்னொரு முறை போட்டுக் கேட்டேன். அப்போதுதான் என்ன நடந்தது என்று புரிந்தது.

சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கும் முறை உங்களுக்குத் தெரிந்திருக்கும். முதலில் பெண்கள் மாதாமாதம் சேமிக்க வேண்டும். இவர்கள் ஒழுங்காகச் சேமிக்கிறவர்கள் என்று வங்கி பார்க்கும். அதன்பிறகுதான் கடன். முதலில் மிச்சம், பிறகு கடன். மதினி பல வருஷம் வாழ்ந்த வழி அது. நான் சொன்னதை அவர் அந்த வழியிலேயே எடுத்துக்கொண்டார். ஒரு வருஷம் மின்சாரத்தை மிச்சம் பிடித்துக் காட்டினால் கடன் தருவார்கள். மன்றத்தில் தீர்மானம் போட்டு, ஊரில் ஒரு கம்பம் விட்டு ஒரு கம்பத்தில் டியூப்லைட்டைக் கழற்ற வைத்திருக்கிறார். எரிகிற விளக்குகளையும் இருட்டிய பிறகு செத்த நேரம் கழித்துப் போட்டு, விடியும் முன்பே அணைத்திருக்கிறார்கள். கவுன்சிலர்கள் சத்தம் போட்டபோது, ஒரு வருஷம் பல்லைக் கடிச்சுக்கங்க, ஊரே வெளிச்சமாகப் போகுது என்று ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருக்கிறார்.

5

அன்றே கூப்பிட்டேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் முதலில் முருங்கை விலையைக் கேட்டேன். மதினிக்கு என் குரலிலேயே ஏதோ பட்டுவிட்டது. என்னன்னு சொல்லுங்க தம்பி என்றார். சொன்னேன். கடன் தருபவர் பார்ப்பது இனிமேல் குறையப்போகும் செலவை. ஏற்கெனவே குறைத்துவிட்ட செலவு அவர்கள் கணக்கில் வராது. இவ்வளவு சின்ன ரசீதை வைத்துக்கொண்டு புது விளக்கைப் போட்டால் மிச்சமே வராது, எல்லாக் கம்பத்திலும் போட்டால் கட்டணம் ஏறத்தான் செய்யும்.

மறுமுனையில் ரசீதுகளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

“அப்ப நாங்க கொறச்சதுதான் தப்பாப் போச்சா?”

தப்பு என்னுடையது மதினி, நான் சரியாகச் சொல்லவில்லை என்றேன். அது அவர் காதில் விழுந்த மாதிரி இல்லை.

“பாக்கியத்துக்கு நான் என்ன பதிலு சொல்லுவேன்?” என்றார்.

அப்போதுதான் பாக்கியத்தைப் பற்றிக் கேள்விப்படுகிறேன். கிழக்குக் காலனியில் இருப்பவர், காலை ஷிப்டுக்காரி. விளக்கில்லாத கம்பத்தடியில் எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கப் போய்ச் சாக்கடைக்குள் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. இரண்டு மாசம் வேலைக்குப் போக முடியவில்லை, சம்பளமும் இல்லை. மதினி ஹார்லிக்ஸும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்திருக்கிறார். இன்னும் நாலு மாசம் பொறுத்துக்க தாயி, பிறகு உன் ரோட்டில் பகல் மாதிரி வெளிச்சம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். விளக்கை மறுபடி போட்டுவிடலாம் என்று அன்றைக்கு மனம் அடித்துக்கொண்டதாம். போட்டால் அந்த மாத ரசீது ஏறிவிடும், எட்டு மாசம் பட்ட பாடு வீண் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டாராம்.

போனை வைத்த பிறகு திரும்பிப் பார்த்தால் கிறிஸ்டி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று தெரியாது. தமிழில் கேட்டாள், தட்டுத் தடுமாறி.

“அவங்க ஒரு வருஷம் இருட்டுல இருந்தது உன்னாலயா, அப்பா?”

ஆமாம் என்றேன். அவளை அழைத்துவரும் அவசரத்தில் என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். பிள்ளைமேல் பழியைப் போடும் அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை.

6

மதினி மறுநாளே திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறி, திட்டத்தைக் கவனிக்கும் அலுவலகத்துக்குப் போனார். அங்கிருந்த பொறியாளர் நல்ல மனுஷர். முழுக்கக் கேட்டுவிட்டுத் தேநீர் வரவழைத்துத் தந்திருக்கிறார். அதற்கு முந்தைய வருஷத்து ரசீதுகளை எடுத்துக்கொள்ளலாமா என்று மேலிடத்துக்குப் பேசியும் பார்த்திருக்கிறார். கடைசிப் பன்னிரண்டு மாதம் என்பதுதான் விதி, அதை மாற்ற அவருக்கு அதிகாரமில்லை. நல்லதுதான் செஞ்சிருக்கீங்கம்மா, ஆனா இந்தத் திட்டத்துக்கு அது ஆகாதே என்று அவரே சங்கடப்பட்டாராம்.

திரும்பி வந்த மதினி வீட்டுக்குப் போகவில்லை. நேராகக் கிழக்குக் காலனிக்குப் போனார். அண்ணன் போனிலேயே வேண்டாம் என்று தடுத்திருக்கிறார். கடன் தாமதமாகிறது என்று சொல்லிவிட்டால் போதும், இந்த ஊரில் எது தாமதமாகவில்லை, யார் கேட்கப்போகிறார்கள்? மதினி கேட்கவில்லை. பாக்கியம் ஷிப்டு முடிந்து வந்து அடுப்பில் உலை வைத்திருந்தார். வலது கையில் இன்னும் முழுப் பலம் வரவில்லை, இடது கையால் அரிசி களைந்துகொண்டிருந்தார். மதினி நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். தனக்கு விளங்காமல் போனது, லைட்டைக் கழற்றச் சொன்னது தான்தான், கடன் இல்லை என்றானது, எல்லாம். என் பெயரை மட்டும் சொல்லவில்லையாம். அதை அண்ணன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பாக்கியம் திட்டவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாராம்:

“கடன் வந்தா வருது, வராட்டிப் போவுது. கழட்டுன லைட்ட மொதல்ல மாட்டச் சொல்லுங்க தலைவரே. நாளைக்கும் நான் அந்த வழியாத்தான போகணும்.”

மதினிக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு வருஷமாக அவர் பாக்கியத்துக்காகக் கடனைத் துரத்தினார், பாக்கியம் கேட்டது கழற்றிய டியூப்லைட்டை. அன்று மாலையே பேரூராட்சிக் கிட்டங்கியைத் திறந்து, கழற்றி வைத்த விளக்குகளை வண்டியில் ஏற்றச் சொன்னார். மில் ரோட்டில்தான் முதலில் மாட்டினார்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்தில், வெகுகாலமாகச் செத்துக் கிடந்த கம்பங்களுக்கும் பொது நிதியிலிருந்து விளக்குப் போட வேண்டும் என்றார். செயல் அலுவலர் கவலைப்பட்டார். அத்தனையும் பழைய ரக விளக்கு, எரியவிட்டால் கட்டணம் ஏறுமே என்றார். ஏறட்டும் என்றார் மதினி. போன வருஷம் மிச்சம் மிச்சம்னு உயிரை எடுத்த தலைவர் இந்த வருஷம் அள்ளி இறைக்கிறாரே என்று ஒரு கவுன்சிலர் சிரித்தார். மன்றமே சிரித்தது. மதினியும் சிரித்துவிட்டு அடுத்த பொருளுக்குப் போனார்.

நான் இங்கிருந்து பொறியாளரிடம் போனில் பேசினேன். எல்லா விளக்கும் பன்னிரண்டு மாதம் ஒழுங்காக எரிந்தால், அந்த ரசீதுகளே அடுத்த விண்ணப்பத்துக்கு அடிப்படை என்று அவர் உறுதியாகச் சொன்னார். உடனே மதினியிடம் சொன்னேன், குற்றம் கொஞ்சம் குறைந்த மாதிரி எனக்கு ஒரு நிம்மதி. அவருக்கு அதில் பெரிய மகிழ்ச்சி இல்லை. பன்னிரண்டு மாதம் முடியுமுன் அவருடைய பதவிக்காலம் முடிந்துவிடும். அதை நான் மறந்துவிட்டேன், அவர் மறக்கவில்லை.

7

இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனேன். கிறிஸ்டியும் வந்தாள். கூப்பிடாமலே வருகிறேன் என்றாள், நான் காரணம் கேட்கவில்லை. பெரியம்மாவை நீ, வா, போ என்று ஒருமையில் பேசினாள். நான் திருத்தப் போனேன். விடுங்க தம்பி, எம்புள்ள என்ன வேணாலும் கூப்பிடட்டும் என்று மதினி என்னைத்தான் அடக்கினார்.

ஒருநாள் விடியற்காலை மூன்று பேரும் மில் ரோட்டில் நடந்தோம். எல்லாக் கம்பத்திலும் விளக்கு எரிந்தது. அழகான வெளிச்சம் என்று சொல்ல முடியாது. ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை, இரண்டு சிமிட்டிக்கொண்டிருந்தன. ஆனால் சாக்கடை எங்கே, சாலை எங்கே என்று தெரிந்தது. பெண்கள் தூக்குவாளியோடு சத்தமாகப் பேசிக்கொண்டு போனார்கள். அதில் பாக்கியம் யார் என்று மதினி காட்டினார். கிறிஸ்டி ஓடிப்போய் அவரிடம் ஏதோ பேசினாள். என்ன பேசினாள் என்று இருவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மதினி ஒரு ஃபைலை எடுத்து என் முன்னால் வைத்தார். அடுத்த விண்ணப்பம். இனி வரப்போகும் ரசீதுகளுக்கு மட்டும் இடம் விட்டு, மீதி எல்லாம் நிரப்பியிருந்தார். கம்பங்களின் எண்ணிக்கை, ஒவ்வொரு விளக்கின் ரகம், தெருவாரியாகப் பட்டியல். நான் என் அலுவலகத்தில் இவ்வளவு சுத்தமாகச் செய்ததில்லை. கடைசிப் பக்கத்தில் தலைவர் பெயர் என்ற இடமும் காலியாக இருந்தது. இதுவரை வேலை செய்தது நீங்கள்தானே, தயாரித்தவர் என்றாவது உங்கள் பெயரைப் போடுங்கள் மதினி என்றேன்.

“எம்பேரு இருந்தா, அடுத்து வாரவங்க இதத் தூக்கிப் பரண்ல போட்ருவாங்க தம்பி. காலியா இருந்தா அவங்க பேர எழுதிக்கிருவாங்க. லைட்டு எரியும்ல.”

சொல்லிவிட்டு அந்த மாதத்து ரசீதைத் துளையிட்டுக் கோப்பில் கோத்தார். அது ஐந்தாவது.